தோழனுக்கு நாற்காலி கிடையாது

கண்ணாடிக் கடை,
பிப்ரவரி 6

அன்புள்ள அக்கா,

வீட்டில் மூன்று பேரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி. அதைப் பற்றிப் பேச ஆள் கிடைத்தால் பாதி குறைந்துவிடுகிறது. உன் கண் எப்படி இருக்கிறது? வெல்டிங் முகமூடியைத் தூக்கிவிட்டு எட்டிப் பார்க்கும் பழக்கம் போனதா இல்லையா? கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவன் கேட்கிறேன், மழுப்பாமல் பதில் எழுது.

எனக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. ஜூன் எட்டு. பெண் யாரென்று நீயே ஊகித்திருப்பாய். தலைவலியே இல்லாமல் நான் தினமும் தலைவலி மாத்திரை வாங்கப் போன அதே எதிர் மருந்துக்கடைதான். "இனிமே மாத்திரை வேண்டாம், விஷயத்தைச் சொல்லுங்க" என்று அவளே ஒருநாள் கேட்டுவிட்டாள். சொல்லிவிட்டேன். பெட்டி நிறைய மாத்திரை மிச்சம் இருக்கிறது.

இப்போது உன்னிடம் ஒன்று கேட்கப் போகிறேன். மாட்டேன் என்று சொல்லுமுன் முழுக்கப் படி. நீ எனக்கு மாப்பிள்ளைத் தோழனாக நிற்க வேண்டும்.

பெண்பிள்ளை தோழனாக நிற்பதா என்று ஆரம்பிக்காதே. தோழனுக்கு என்ன வேலை? என் வலது பக்கம் நிற்க வேண்டும். மோதிரத்தைத் தொலைக்காமல் வைத்திருக்க வேண்டும். நான் மயங்கினால் பிடித்துக்கொள்ள வேண்டும். இரும்புத் தகடு தூக்குகிற கைக்கு நான் ஒரு பாரமா?

அப்பா இருக்கிறாரே என்பாய். ஆறு வருடத்துக்கு முன் உன் கல்யாணம் அன்று காலையில் நின்றுபோனபோது, "இனி என் நாற்காலி ஒண்ணுலகூட அவ உட்காரக் கூடாது" என்று சொன்னார். இந்த ஊரில் எந்த விசேஷத்துக்கும் நாற்காலி வாடகைக்குக் கொடுப்பவர் அவர்தான் என்பதால் உனக்கு ஊரிலேயே உட்கார இடமில்லாமல் போய்விட்டது. ஆனால் அக்கா, தோழன் கல்யாணம் முடியும்வரை நின்றுகொண்டேதான் இருக்க வேண்டும். தோழனுக்கு நாற்காலி கிடையாது! அப்பாவின் சபதமும் நிற்கும், நீயும் நிற்கலாம். எப்படி என் மூளை?

வீட்டுத் தொலைபேசி அப்பாவின் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் கடை முகவரிக்கே எழுது.

பதிலுக்குக் காத்திருக்கும்,
தம்பி

*

கப்பல் கட்டும் தளம், விடுதி,
பிப்ரவரி 20

அன்புள்ள சோடாபுட்டிக்கு,

கண் நன்றாக இருக்கிறது. எட்டிப் பார்ப்பதையும் விட்டுவிட்டேன், சத்தியமாக. தோள்தான் அகலமாகிவிட்டது, பழைய சட்டை எதுவும் ஏறவில்லை.

உன் கடிதத்தை உணவுக்கூடத்தில் சத்தம் போட்டுப் படித்தேன். என் மேசையில் எல்லோரும் கை தட்டினார்கள். என் மேஸ்திரி மட்டும், "தலைவலி மாத்திரை வாங்கி வாங்கியே ஒருத்தன் தலைவலியை வாங்கிட்டான்" என்றார். நான் அழுதேன் என்று அவர் சொன்னால் நம்பாதே. கொஞ்சம் அழுதேன்.

தோழன் விஷயம் நடக்காது. ஜூனில் நாங்கள் கட்டும் கப்பலைத் தண்ணீரில் இறக்குகிறார்கள், அந்தச் சமயத்தில் விடுப்பு கேட்டாலே முறைப்பார்கள். சித்தப்பா மகனை நிறுத்து. உப்புக்குச் சப்பாணியாக எங்கே வேண்டுமானாலும் நிற்பான். நான் கல்யாணம் முடிந்தபின் உங்கள் இரண்டு பேரையும் இங்கே அழைத்துக் கப்பலைச் சுற்றிக் காட்டுகிறேன்.

நாற்காலி ஏற்றும் லாரி இன்னும் அந்தப் பழைய லாரிதானா? ஓட்டுநர் யாரையாவது வைத்தாயிற்றா, இல்லை அவரேதான் ஓட்டுகிறாரா? ஏற்றத்தில் இரண்டாவது கியர் விழாமல் முரண்டு பிடிக்குமே, சரி செய்தாயிற்றா? குளிர்காலத்தில் கிளம்ப நேரமாகுமே, இப்போது எப்படி?

மருந்துக்கடைக்கு என் அன்பைச் சொல். அம்மாவின் முழங்காலையும் விசாரித்ததாகச் சொல்.

அக்கா

*

கண்ணாடிக் கடை,
மார்ச் 3

அன்புள்ள அக்கா,

அம்மாவின் முழங்கால் உன் விசாரிப்பில் பூரித்துப்போய் மாடிப்படி ஏறிவிட்டது. உன் தோளுக்கு என் வணக்கம்.

அப்பாவைப் பற்றி நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. லாரியைப் பற்றி மட்டும் வரிவரியாகக் கேட்டிருக்கிறாய். லாரி நலம். லாரிக்குச் சர்க்கரை கொஞ்சம் கூடியிருக்கிறது, மாத்திரை சாப்பிடுகிறது. காலையில் கிளம்ப நேரமாகிறது, கிளம்பும்போது இருமுகிறது. லாரி யாரிடமும் அதிகம் பேசுவதில்லை. உன் பெயர் வந்தால் எழுந்து வெளியே போய்விடுகிறது.

விடுப்பு கிடைக்காது என்று எழுதியிருப்பதையும் நம்பவில்லை. கேட்டுப் பார்த்தாயா? கேட்டிருக்க மாட்டாய்.

அதனால் துணிந்து அப்பாவிடமே பேசினேன். சாப்பிடும்போது, அவர் வாயில் கவளம் இருக்கும் நேரம் பார்த்து, "அக்காதான் எனக்குத் தோழன். தோழனுக்கு நாற்காலி கிடையாது" என்றேன். மென்று முடித்தார். அப்புறம் சொன்னார்: "மண்டபம் நிறைய நாற்காலி போட்டேன். ஒருத்தன் உட்காரல. அத்தனையையும் நானே மடக்கினேன். ஏன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. அவ ஒரு காரணம் சொல்லட்டும். நியாயமான காரணம் ஒண்ணே ஒண்ணு. மன்னிச்சுடறேன்."

அன்று நானும் கூட மடக்கினேன், அக்கா. அவர் என்னைத் தொடவிடவில்லை, நான் தொட்டேன். நாற்காலிக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் நாற்காலி காலி என்று ஊரே சிரித்தது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை.

ஆகவே இரண்டு கேள்வி. உனக்குப் பார்த்த அந்தக் கணக்கு வாத்தியாரை ஏன் வேண்டாம் என்றாய்? வேண்டாம் என்றால் முன்கூட்டியே சொல்லாமல் ஏன் அன்று காலையில் சொன்னாய்? முதல் கேள்விக்குப் பதில் கிடைத்தால் அப்பா இறங்கி வந்துவிடுவார். இரண்டாவது எனக்காக.

அக்கா, நீ இல்லாமல் என்னால் அந்த மேடையில் நிற்க முடியாது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

தம்பி

*

விடுதி,
மார்ச் 30

அன்புள்ள தம்பிக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

லாரியை மாத்திரையை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். இனிப்பைக் குறைக்கச் சொல்.

நீ கேட்ட காரணம் என்னிடம் இல்லை. கணக்கு வாத்தியார் நல்லவர். நிச்சயம் ஆனபின் வீட்டுக்கு வந்தபோதெல்லாம் மரியாதையாகப் பேசினார். என் படிப்பைக் கேட்டார், வெல்டிங் படித்திருக்கிறேன் என்றதும் சிரிக்கவில்லை. கல்யாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போகலாம் என்றார். குறை சொல்ல ஒன்றுமே இல்லை. எனக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவுதான். ஒருவரோடு வாழ்நாள் முழுக்க இருக்கப் போகிறோம் என்று நினைத்தால் உள்ளே ஏதாவது அசைய வேண்டாமா? ஒன்றும் அசையவில்லை. ஒரு நல்ல மனிதரைப் பிடிக்காமல் போவதற்குக் காரணம் கேட்டால் நான் எங்கே போவேன்?

அப்பாவுக்கு இது காரணமாகப் படாது. அவர் மீதும் தப்பில்லை. நாற்காலியில் கால் உடைந்திருந்தால் உடைந்த இடத்தைக் காட்டலாம். இதில் எதைக் காட்டுவது?

இரண்டாவது கேள்விக்கு நேரில் பதில் சொல்கிறேன், நேரில் என்று ஒன்று வந்தால்.

விடுப்பு கேட்டேன். நீ சொன்னது சரி, அதற்குமுன் கேட்டிருக்கவில்லை. கொடுத்துவிட்டார்கள். மேஸ்திரி, "உன் தம்பி கல்யாணத்துக்கு நீ போகலேன்னா உன்னைக் கப்பலோட சேர்த்துத் தண்ணில இறக்கிடுவேன்" என்றார். எனக்கு வர வேண்டும் போல இருக்கிறது, தம்பி. ரொம்பவும் இருக்கிறது. அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டால் என்ன செய்வேன் என்றுதான் தெரியவில்லை.

அக்கா

*

கண்ணாடிக் கடை,
ஏப்ரல் 8

என் அருமை அக்கா,

எல்லோரும் சௌக்கியம், சௌக்கியத்துக்கும் மேலே! அப்பா சரி என்றுவிட்டார்! நீ வரலாம், நிற்கலாம். "வரச் சொல்லு" என்றார். அவர் வாயாலே. அம்மா கரண்டியைக் கீழே போட்டுவிட்டு என்னைக் கட்டிப்பிடித்தாள்.

எப்படி என்று கேட்காதே. எல்லாம் என் சாமர்த்தியம். வந்தபின் அப்பா பழையதைப் பற்றி ஏதாவது சொன்னால் நீ தலையை மட்டும் ஆட்டு, வாயைத் திறக்காதே. அது போதும்.

எனக்கும் உனக்கும் ஒரே நிறத்தில் கோட்டு. சாம்பல் நிறம், மருந்துக்கடை தேர்ந்தெடுத்தது. "உங்க அக்கா நிக்கலேன்னா நானும் நிக்க மாட்டேன், மேடையில உட்கார்ந்துக்குவேன்" என்று மிரட்டியவள் அவள். தோள் அளவை எழுது. தையற்காரர் நம்ப மாட்டார், அங்கே யாரையாவது அளவெடுக்கச் சொல்லிக் கையெழுத்தோடு அனுப்பு.

அம்மா சொல்லச் சொன்னது: தலையில் எண்ணெய் வைத்துக்கொள்ள வேண்டுமாம், கடற்காற்றுக்கு முடி கொட்டுமாம், வரும்போது ரயிலில் ஜன்னலோரம் உட்கார வேண்டாமாம்.

ஆனந்தத்தில் மிதக்கும்,
தம்பி

*

விடுதி,
ஏப்ரல் 16

அன்புள்ள தம்பிக்கு,

நலம். எண்ணெய் வைத்துக்கொண்டேன் என்று அம்மாவிடம் சொல்.

தோள் அளவை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். மேஸ்திரி இரும்பு அளக்கிற நாடாவால் அளந்து கையெழுத்தும் போட்டிருக்கிறார். ஒருநாள் முழுக்கப் பாட்டுப் பாடிக்கொண்டே வேலை செய்தேன். முகமூடிக்குள் பாடினால் நமக்கு மட்டும்தான் கேட்கும், அது எல்லோருக்கும் நல்லது.

ஆனால் உன் கடிதத்தை மடித்து வைத்தபின் ஒரு வரி உறுத்துகிறது. எதற்குத் தலையை ஆட்ட வேண்டும்? எதைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது? நான் எழுதியதைத்தான் அப்பாவிடம் சொன்னாயா? சின்ன வயதில் நீ எதையாவது உடைத்தால் இப்படித்தான் ஓடிவந்து கட்டிப்பிடிப்பாய். எழுது.

அக்கா

*

கண்ணாடிக் கடை,
ஏப்ரல் 24

அன்புள்ள அக்கா,

எனக்கு உடம்பு நலம், மனசு கொஞ்சம் சரியில்லை.

நீ எழுதியதை அப்படியே சொல்லத்தான் போனேன். "அக்காவுக்குப் பிடிக்கலையாம்" என்று ஆரம்பித்தேன். "பிடிக்கலைன்னா? ஏன் பிடிக்கலை?" என்றார். அந்த முகத்தைப் பார்த்ததும் என் நாக்கு தானாகவே ஓடிவிட்டது. "அவருக்குக் குடிப்பழக்கம் இருந்துச்சாம், அக்காவுக்குக் கடைசி நேரத்துலதான் தெரிஞ்சுதாம், நம்ம மானத்தைக் காப்பாத்த வாயைத் திறக்கலையாம்" என்று சொல்லிவிட்டேன். அப்பா என்னையே பார்த்தார். அப்புறம், "சரி, வரச் சொல்லு" என்றார்.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைப் பண்ணலாம் என்பார்கள். நான் ஒன்றே ஒன்றுதானே சொன்னேன்? வாத்தியாருக்குத் தெரியப் போவதில்லை. அப்பா யாரிடமும் வாய் திறக்கிற ஆளும் இல்லை. யாருக்கு என்ன நஷ்டம்?

திட்டாதே, அக்கா. வா.

தம்பி

*

விடுதி,
ஏப்ரல் 29

தம்பிக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை.

அந்த ஆயிரம் பொய்யும் ஒரு கல்யாணம் நடப்பதற்கு. நடக்காத கல்யாணத்துக்குப் பொய் சொல்லச் சொல்லி எந்தப் பழமொழியும் இல்லை. அந்த மனிதர் எனக்கு என்ன கெடுதல் செய்தார்? மண்டபத்தில் எல்லோர் முன்னாலும் நான் அவரை நிறுத்திவிட்டுப் போனேன். அதற்குப் பிறகு என்னைப் பற்றி அவர் ஒரு சொல் தப்பாகச் சொன்னதாக யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறாயா? இப்போது அவரைக் குடிகாரராக்கி, அவர் தலைமேல் ஏறி நான் வீட்டுக்குள் வர வேண்டுமா?

அப்பா என்னை மன்னிக்கவில்லை. நீ உண்டாக்கிய வேறு யாரோ ஒருத்தியை மன்னித்திருக்கிறார். அவளையே தோழனாக நிறுத்திக்கொள்.

நான் வரவேண்டுமானால் அவரிடம் போய் உண்மையைச் சொல். அதற்குப் பிறகும் வரச் சொன்னால் வருகிறேன். சொல்லாவிட்டால் இங்கேயே இருக்கிறேன். எனக்கு அழுகை வருகிறது, அதனால் நிறுத்துகிறேன்.

கோட்டுக்குக் கொடுத்த அளவை இப்போதைக்கு வைத்திருக்கச் சொல்.

அக்கா

*

கண்ணாடிக் கடை,
மே 18

அன்புள்ள அக்கா,

இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம் பயம். தினமும் சொல்லப் போவேன், தினமும் திரும்பி வருவேன். கடையில் ஒரு தாத்தாவுக்குக் கிட்டப்பார்வைக் கண்ணாடிக்குப் பதில் தூரப்பார்வைக் கண்ணாடியைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். அவர் தெருவைத் தாண்டி எதிர்க்கடைக்குப் போய் மருந்துக்கடையிடம் என்னைப் பற்றிப் புகார் கொடுத்தார். அவள் விசாரித்தாள். சொன்னேன். "இன்னிக்கே போய்ச் சொல்லுங்க. இல்லேன்னா நான் வந்து சொல்லுவேன்" என்றாள். இரண்டு பேரிடமும் மாட்டிக்கொண்டு நான் படும் பாடு இருக்கிறதே.

அப்பா கிடங்கில் நாற்காலிகளைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார். நான் குழாயைப் பிடித்துக்கொண்டே சொன்னேன். எல்லாவற்றையும். வாத்தியார் குடிக்க மாட்டார், அது என் சொந்தச் சரக்கு, அக்காவுக்குச் சும்மா பிடிக்கவில்லை, இப்போது அவள் வரமாட்டேன் என்கிறாள், எல்லாம்.

அவர் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "அவன் குடிக்க மாட்டான்னு எனக்குத் தெரியும்டா" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எப்படிப்பா?"

"போன வருஷம் அவன் புது வீட்டுக்குப் போனப்ப நம்ம நாற்காலிதான் போச்சு. திரும்பி வந்தப்ப ஒவ்வொண்ணும் துடைச்சு, மடக்கி, கயிறு கட்டி வந்துச்சு. குடிக்கிறவன் வீட்டுலேருந்து நாற்காலி எப்படித் திரும்பி வரும்னு எனக்குத் தெரியாதா? கால் ஒரு பக்கம், முதுகு ஒரு பக்கம் வரும்."

"அப்ப நான் சொன்னப்ப ஏன் சரின்னீங்க?"

ரொம்ப நேரம் தேய்த்தார். அக்கா, அந்த நாற்காலியில் அழுக்கே இல்லை. "நீ ஒரு காரணம் கொண்டாந்தே. நான் வாங்கிக்கிட்டேன்" என்றார்.

இந்த மனிதரும் உன்னை அழைக்க ஒரு சாக்குக்காகக் காத்திருந்திருக்கிறார். நான் கொண்டுபோனது பொய்யென்று தெரிந்தே இரண்டு கையாலும் வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறார்.

"இப்ப அதுவும் இல்லையே, அக்கா வரலாமா?" என்றேன். குழாயை என் கையிலிருந்து பிடுங்கினார். "தோழனுக்கு நாற்காலி கிடையாதுன்னு நீதானே சொன்னே? நிக்கட்டும்" என்றார்.

முழுசாக மனசு இறங்கிவிட்டது என்று சொல்லமாட்டேன். இன்னொரு பொய்யை உனக்கு எழுத எனக்குத் தெம்பில்லை. ஆனால் இது மட்டும் அப்பட்டமான நிஜம். வருகிறாயா?

தம்பி

*

விடுதி,
மே 24

அன்புள்ள சோடாபுட்டிக்கு,

வருகிறேன். ஏழாம் தேதி காலை ரயில். கோட்டைத் தைக்கச் சொல். மருந்துக்கடையின் கையைப் பிடித்துக்கொண்டு நான் நன்றி சொன்னதாகச் சொல். அந்தத் தாத்தாவுக்குச் சரியான கண்ணாடியைக் கொடுத்தாயா?

உன் அக்கா

*

விடுதி,
ஜூன் 17

அன்புள்ள தம்பிக்கும் மருந்துக்கடைக்கும்,

ஊர் சுற்றிவிட்டு நலமாகத் திரும்பியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் பத்திரமாக வந்து சேர்ந்தேன். ஜன்னலோரம்தான் உட்கார்ந்தேன், அம்மாவிடம் சொல்லாதே.

மேடையில் உன் கண்ணாடி ஆவி படிந்து மூடிக்கொண்டதே, நான் கழற்றித் துடைத்து மாட்டிவிட்டேனே, அப்போது முன்வரிசையில் பெரியம்மா, "தோழன்னா இப்படி இருக்கணும்" என்றது உனக்குக் கேட்டதா? அதே பெரியம்மா வாசலில் என்னைப் பார்த்ததும், "கோட்டெல்லாம் போட்டு வந்திருக்கா, இவ இன்னிக்காவது முடியறவரைக்கும் நிப்பாளா?" என்று கேட்டவள். இரண்டையும் மன்னித்துவிட்டேன். நீ ஆடியது யாருக்கும் தெரியவில்லை, என் முழங்கையைப் பிடித்திருந்த இடம் மட்டும் இரண்டு நாள் கன்றியிருந்தது.

நீ முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாய், அதனால் நான் பார்த்ததை நீ பார்த்திருக்க மாட்டாய். மண்டபத்தில் அத்தனை பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா மட்டும் கடைசியில் கதவோரம் நின்றார். அவர் எந்தக் கல்யாணத்திலும் உட்கார்ந்ததில்லையே, நாற்காலி போதாமல் போனால் எடுத்துப் போட வேண்டுமென்று அங்கேதான் நிற்பார். மகன் கல்யாணத்திலும் அதே இடம். உட்கார்ந்திருந்த தலைகளுக்கு மேலே நாங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் நேராக நின்றோம். முதலில் நான் பார்வையை விலக்கினேன். பிறகு அவர் விலக்கினார். பிறகு இரண்டு பேரும் விலக்கவில்லை. நீங்கள் மோதிரம் மாற்றும்போது அவர் கைத்துண்டால் முகத்தைத் துடைத்தார். எனக்கு அவ்வளவு தூரத்திலிருந்தும் தெரிந்தது.

நீங்கள் காரில் ஏறிப் போனதும் எல்லோரும் கலைந்தார்கள். லோடுமேன் ஒருவன்தான் வந்திருந்தான். நான் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு மடக்க ஆரம்பித்தேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை, அவர் பாட்டுக்கு மறுகோடியிலிருந்து மடக்கிக்கொண்டு வந்தார். நான் ஒரு கட்டைத் தூக்கி லாரியில் ஏற்றப் போனபோது பின்னாலிருந்து குரல் வந்தது. "இத்தனையை ஒரேயடியா தூக்காதே. முதுகு போயிடும்." ஆறு வருடத்தில் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. "இதைவிடப் பெரிசு தூக்குவேன்பா" என்றேன். "தூக்குவே, தூக்குவே. அடுக்கத் தெரியுதா? கால் உள்பக்கம்" என்றார். அங்கே தொடங்கியவர் கடைசி நாற்காலி வரை திட்டிக்கொண்டே இருந்தார். அடுக்கினது தப்பு, கயிறு கட்டினது தப்பு, இளைத்துப் போனது தப்பு. எனக்கு ஒவ்வொரு திட்டும் தேனாக இருந்தது.

ரயிலடிக்கு லாரியிலேயே கொண்டுவிட்டார். ஏற்றத்தில் இரண்டாவது கியர் இன்னும் முரண்டுதான் பிடிக்கிறது. அங்கே வைத்துக் கேட்டார்.

"பிடிக்கலேன்னு எப்பத் தெரிஞ்சுது?"

"ஒரு மாசம் முன்னாடியே தெரியும்பா."

"ஒரு மாசமா!" வண்டி குலுங்கியது. "அப்பவே சொல்லியிருந்தா நான் நாற்காலியை இறக்கியே இருக்க மாட்டேனே. ஏன் சொல்லல?"

"பயமா இருந்துச்சு."

"யாருகிட்ட?"

"உங்ககிட்ட."

இதுதான் உன் இரண்டாவது கேள்விக்குப் பதில், தம்பி. நேரில் சொல்கிறேன் என்றேன், உன்னிடம் சொல்லுமுன் அவரிடமே சொல்லிவிட்டேன். அந்த ஒரு மாதமும் தினம் அவர் முன்னால் போய் நின்றிருக்கிறேன். அவர் கல்யாண வேலையில் சந்தோஷமாகக் கத்திக்கொண்டிருப்பார். வாய் வராது. கடைசியில் வேறு வழியே இல்லாத காலையில்தான் வந்தது.

அதற்குப் பிறகு அப்பா ஒரு சொல் பேசவில்லை. பெட்டியை இறக்கிக் கொடுத்தார். ரயில் கிளம்பும்வரை நின்றார், கை அசைக்கவில்லை. பாதி திறந்த கதவை நானே மறுபடி அறைந்து சாத்திவிட்டேனோ என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன். ஆனாலும் சொன்னதற்கு வருத்தப்படவில்லை. பொய் சொன்னால் உன்னைத் திட்டியவள் நான்.

கோட்டு அலமாரியில் தொங்குகிறது. இரண்டு பேரும் சந்தோஷமாக இருங்கள்.

தோழன்

*

நாற்காலிக் கிடங்கு,
ஜூலை 5

மகளுக்கு அப்பா எழுதுவது.

நான் நன்றாக இருக்கிறேன். சர்க்கரை குறைந்திருக்கிறது. உன் அம்மாவும் சுகம். தம்பியும் மருமகளும் ஞாயிற்றுக்கிழமை வந்து சாப்பிட்டுப் போனார்கள். மருமகள் என் மாத்திரைகளை எல்லாம் கொட்டிப் பார்த்துவிட்டுப் பாதியை நேரம் மாற்றிச் சாப்பிடுகிறேன் என்று சண்டை போட்டாள். நல்ல பெண்.

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கம் இல்லை. பில் எழுதிய கைதான். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ பயம் என்று சொன்னாய். அதைத்தான் அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். உன் அம்மாவிடம், நான் பயப்படும்படியான ஆளா என்று கேட்டேன். இதுகூடத் தெரியாதா என்றாள். உன் தம்பியிடம் கேட்டேன். அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தான். லோடுமேனிடம் கேட்டேன். அவன் லாரிக்கு டீசல் போட வேண்டும் என்று போய்விட்டான். டேங்க் நிறைய டீசல் இருந்தது.

ஊர் சிரித்ததற்காகத்தான் உன்மேல் கோபம் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். நீ என்னிடம் வந்து சொல்லவில்லை என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை என்று இப்போது தெரிகிறது. சொல்ல விடாமல் செய்தவனும் நானே. அதற்கு உன்னைத் தண்டித்தேன். தப்பு என்னுடையது, அம்மா.

கிடங்கில் பழைய நாற்காலி சிலது வெல்டிங் விட்டுப் போயிருக்கிறது. அதைப் பற்றவைக்க ஒரு தடவை வந்து போ என்று எழுதலாம் என்று உட்கார்ந்தேன். எழுதியும் விட்டேன். அப்புறம் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். உன்னைக் கூப்பிட எனக்கு இனிமேல் சாக்கு வேண்டாம். உன்னைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது.

வருவதானால் எந்த ரயில் என்று எழுது, வந்து நிற்கிறேன். வர இஷ்டமில்லை என்றால் இஷ்டமில்லை என்று எழுது. காரணம் எழுத வேண்டாம்.

அப்பா